ஐஸ் தண்ணீரில் மைனஸ் நான்கு

இன்று காலை பேத்திக்கு வெந்நீர் விளாவும்போது உங்கள் ஊசியை எடுத்தேன். நீங்கள் போன இந்த மூன்று மாதமாகச் சமையலறை இழுப்பறையில் நான் தொடாமல் வைத்திருந்த அந்த டிஜிட்டல் தெர்மாமீட்டரைத்தான் சொல்கிறேன். குழந்தையைக் குளிப்பாட்ட வரும் அம்மா இன்று வரவில்லை. தண்ணீரில் ஊசியை விட்டேன், முப்பத்தேழு என்று காட்டியது. சரியாக இருக்கிறதே என்று குழந்தையை வாங்கப் போனவள், எதற்கோ முழங்கையையும் விட்டுப் பார்த்தேன். சுரீரென்றது.

குழந்தையை மகளிடமே விட்டுவிட்டு மணையில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் ஊசி பொய் சொல்லும் என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

அதை நீங்கள் வாங்கி வந்த நாளில் நான் சந்தேகப்பட்டது ஊசியை அல்ல, உங்களை. சாயப்பட்டறையில் மாஸ்டராக இருப்பவர் வீட்டுக்குள்ளும் ஒரு வெப்பமானியைக் கொண்டு வந்தால் பெண்டாட்டி என்ன நினைப்பாள்? "ஏனுங்க, என் கை மேல நம்பிக்கை இல்லீங்களா?" என்று கேட்டேன். "கையை நம்பறேன் அம்மிணி. ஆனா கை எத்தனை டிகிரின்னு சொல்லாதில்ல" என்றீர்கள். அன்றைக்கு இரண்டு வேளை உங்களோடு நான் பேசவில்லை.

பட்டறையிலும் நீங்கள் அப்படித்தானாம். மிஷின் பேனலில் அறுபது டிகிரி என்று காட்டினாலும் சொந்த ஊசியை விட்டுப் பார்க்காமல் சாயத்தை ஊற்ற விட மாட்டீர்களாம். "பேனல் சொல்றது பேனலோட கதை. தண்ணியோட சூட்டைத் தண்ணிகிட்டத்தான் கேக்கோணும்" என்பது உங்கள் வேதம். அந்த வேதம் வீட்டுக்கு வந்ததும் எதுவும் தப்பவில்லை. தயிருக்கு உறை ஊற்றும் பால் நாற்பத்திரண்டுக்கு இறங்கும்வரை மோர்க் கிண்ணத்தை என் கையில் தர மாட்டீர்கள். பஜ்ஜி போடுமுன் எண்ணெய், சுடவைத்த கறிக்குழம்பின் நடுப்பாகம், மாடியில் சோலார் வெந்நீர் எல்லாம் விசாரணைக்கு வந்தன. கரண்ட் போய் வந்தால் ஃபிரிட்ஜுக்குள் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, அது எத்தனைக்குக் குளிர்கிறது என்று பார்த்த பிறகுதான் ஃபிரிட்ஜை மன்னிப்பீர்கள். உங்கள் தங்கை ஒருமுறை, "அண்ணன் ஊசி போடற டாக்டராட்டம் இட்லியெல்லாம் குத்திக் குத்திப் பாக்கறாருங்க அண்ணி" என்று சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் தயிர் புளிக்காமல் கெட்டியாக உறைந்தது உண்மைதான். அதை உங்களிடம் நான் ஒப்புக்கொள்ளவே இல்லை.

அந்த ஊசியையும் நீங்கள் நம்பியதில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் டம்ளர் நிறைய ஐஸ் கட்டி போட்டுக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி ஊசியை நிறுத்துவீர்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டினால் அலமாரிக் கதவின் உட்புறத்தில் பென்சிலால் தேதியும் பூஜ்யமும் எழுதுவீர்கள். கதவை அழுக்காக்குகிறீர்கள் என்று நான் திட்டுவேன்.

அந்த ஞாபகம் வந்ததும் இன்று நானும் ஐஸ் எடுத்தேன். எண் பூஜ்யத்தில் நிற்கவில்லை. அதற்கும் கீழே போய் மைனஸ் நான்கில் நின்றது. இரண்டாம் முறையும் அதேதான். நாலு டிகிரி குறைத்துக் காட்டுகிறது. குழந்தைக்கு நான் விளாவிய தண்ணீர் நாற்பத்தொன்று.

அப்போதுதான் மகளின் வளைகாப்புக்கு முதல் நாள் நினைவுக்கு வந்தது. நீங்கள் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தீர்கள். நெற்றியில் கை வைத்தேன். "கொதிக்குதுங்க. ஆஸ்பத்திரிக்குப் போலாமுங்க" என்றேன். நீங்கள் இந்த ஊசியை அக்குளில் வைத்து எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினீர்கள். முப்பத்தாறு. "பாத்தியா? காச்சலும் இல்ல ஒண்ணும் இல்ல. பந்தல்காரன் வந்துட்டானான்னு பாரு" என்றீர்கள். இத்தனை வருடத்தில் முதல் முறையாக என் கையை விட்டுவிட்டு உங்கள் எண்ணை நம்பினேன்.

முப்பத்தாறோடு நாலைக் கூட்டினால் நாற்பது. டாக்டர்கள் சொல்லும் கணக்கில் நூற்று நான்கு. வளைகாப்பு முடிந்த மறுநாள் மயங்கி விழுந்தீர்கள். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது, ரெண்டு நாள் முன்னால் கூட்டி வந்திருக்கலாமே என்றார் டாக்டர். காய்ச்சலே இல்லையே சார் என்று அவரிடம் சாதித்தவள் நான்.

பாவம், உங்களையும் ஊசி ஏமாற்றிவிட்டது என்றுதான் காலையில் முதலில் நினைத்தேன். பிறகு அலமாரிக் கதவைத் திறந்தேன். நீங்கள் போன பிறகு அந்தப் பக்கம் நான் பார்த்ததே இல்லை. பூஜ்யம், பூஜ்யம் என்று வரிசையாக இறங்கி வந்து, கடைசி வரியில் உங்கள் கையெழுத்து: "மைனஸ் 4. கீழே விழுந்தது. கூட்டிப் பார்க்கவும்." வளைகாப்புக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமைத் தேதி.

காய்ச்சல் வேகத்தில் மறந்திருப்பீர்கள் என்று மனதைச் சமாதானப்படுத்திப் பார்த்தேன். முடியவில்லை. எந்த மிஷின் எத்தனை டிகிரி கூட்டிச் சொல்லும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிற மனிதர் நீங்கள். பாலுக்கே ரெண்டு தடவை ஊசி விடுகிறவர், அன்று ஒரே தடவை வைத்து, நான் பார்த்ததும் அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் வளைகாப்பு நின்றுவிடும் என்று தெரிந்தேதானே காட்டினீர்கள்? கதவிடம் உண்மையைச் சொன்னவர் என்னிடம் மறைத்துவிட்டீர்கள். மகள் கை நிறைய வளையலோடு சிரித்ததைப் பார்த்துவிட்டுத்தான் போனீர்கள். அதற்காக உங்களை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. கோபம்தான் வருகிறது. இதை மகளிடம் நான் சொல்லப் போவதில்லை.

ஊசியைத் தூக்கிப் போடவும் மனமில்லை. நாலைக் கூட்டினால் அது உண்மை பேசுகிறது. தண்ணீரை மறுபடி விளாவி, முப்பத்துமூன்று காட்டியதும் முழங்கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் பேத்தியைக் காலில் போட்டுக்கொண்டேன். இனி எண் என்ன சொன்னாலும் என் கை சரி என்ற பிறகுதான் எதுவும் நடக்கும் இந்த வீட்டில்.

கை எத்தனைன்னு சொல்லாது. கொதிக்கிறது என்று மட்டும் சொல்லும். அன்று சொல்லத்தான் செய்தது. உங்கள் நெற்றியிலிருந்து அந்தக் கையை நான் எடுத்திருக்கக் கூடாதுங்க.