அண்ணன் கொடுத்த ரத்தம்

அன்புள்ள அண்ணனுக்கு,

டயாலிசிஸ் குழாயில் ரத்தம் உறைந்து அம்மா போன நாளிலிருந்து நீ என்னோடு பேசவில்லை. அந்தக் குழாய் எங்கள் ஆய்வகத்தில் உருவானது.

நேற்று, புதுப் பூச்சு பூசிய குழாயைச் சோதிக்க ரத்தம் கொடுக்க வந்தவர்களோடு நீயும் சட்டைக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய்.

“அம்மா ரத்தம்தானே எனக்குள்ளயும் ஓடுது. இதுல உறையுதான்னு பாரு” என்றாய். மூன்று வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல்.

பழைய குழாயில் உன் ரத்தம் அரை மணியில் உறைந்துவிட்டது. புதியதில் ஆறு மணி நேரம் ஓடியும் ஒரு துளிகூட ஒட்டவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நான் கை கழுவுகிற சாக்கில் தனியாகப் போய் அழுதேன்.

இதை அன்றைக்கே செய்திருக்கக் கூடாதா என்று உனக்குக் கேட்கத் தோன்றும். கேள், அண்ணா. வீட்டுக்கு வந்து கேள்.

உன் தங்கை