மகளிர் கழிப்பறைக்கு ஒரு கேமரா

நவ. 4, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடையை பஸ்ஸிலேயே விட்டாச்சு, வழக்கம்போல.

புது வேலை. பஸ் ஸ்டாண்டு மகளிர் கழிப்பறையைப் பாதுகாப்பாக மாற்றித் தரணும். காண்ட்ராக்ட் எங்கள் முதலாளிக்கு, அலைச்சல் சைட் இன்ஜினியரான எனக்கு. முதலாளி சொன்னது: "சின்ன வேலை அம்மணி. கதவு, லைட்டு, வாசல்ல ஒரு கேமரா. இந்த வாரத்துல முடிச்சுப்போடலாம்."

போய்ப் பார்த்ததில்: பாதிக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒன்றில் சணல் கயிறு. பின் சந்துப் பக்கம் ஜன்னலில் வலை இல்லை, ஆள் எட்டிப் பார்க்கலாம். லைட் ஒன்றே ஒன்று, அதுவும் மினுக்கல்.

கடைசி அறை மட்டும் உள்பக்கம் பூட்டியிருந்தது. தட்டினேன், பதில் இல்லை. வாசலில் மேஜை போட்டு இடத்தைப் பார்த்துக்கொள்கிற மரகதக்கா, "அதை உடுங்க மேடம், ஆள் இருக்குதுங்க" என்றார். நான் அளவெடுத்து முடிக்கிறவரை அந்த ஆள் வெளியே வரவில்லை.

நவ. 5, செவ்வாய்

மழை இல்லை. மாவு புளித்துப்போனதால் உப்புமா.

கதவு எப்படி வேணும் என்று அங்கே வருகிறவர்களையே கேட்டேன். ஒரு காலேஜ் பெண்: "தரை வரைக்கும் இருக்கோணுங்க அக்கா. கீழ சந்து இருந்தா போனை நீட்டி படம் எடுக்கறானுங்க."

பூ விற்கிறவர்: "கீழ சந்து இருக்கட்டுங்க. அன்னைக்கு ஒரு புள்ள உள்ள மயங்கி உழுந்துருச்சு. காலு தெரிஞ்சுதான் கதவை ஒடச்சோம்."

ரெண்டு பேர் சொல்வதும் சரி. வரைந்தேன், அழித்தேன். கடைசியில்: தரை வரை கதவு, அவசரத்துக்கு வெளியிலிருந்து காசை வைத்துத் திருகினால் திறக்கிற தாழ்ப்பாள். சாயங்காலம் வரை சந்தோஷம். பிறகுதான் உறைத்தது, காசு எல்லார் பையிலும் இருக்குமே. சரி, தனிச் சாவி, அதை மரகதக்காவிடம் கொடுப்பது. அக்கா சாப்பிடப் போனால்?

வீட்டில் அவரிடம் சொன்னேன். டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஒரு பாத்ரூமுக்கு இத்தனை யோசனையா?"

நவ. 6, புதன்

கடைசி அறை இன்றைக்கும் பூட்டு. திறக்கிறவரை நின்றேன்.

வந்தது என் வயசுப் பெண். இஸ்திரி போட்ட காட்டன் சேலை, கழுத்தில் ஆபீஸ் கார்டு. முகம் கழுவிவிட்டு, வாசல் சுவரில் 'கேமரா' என்று எழுதி நான் போட்டிருந்த சாக்பீஸ் குறியைப் பார்த்தார்.

"ஏனுங்க, இதுல தெரியறதை யாருங்க பாப்பாங்க?"

"செக்யூரிட்டி ரூமுல டிவி வைக்கறோமுங்க."

முகம் வெளுத்துவிட்டது. பெயர் கவிதா. மெதுவாகச் சொன்னார். "என்ற ஊட்டுக்காரர் அங்கதானுங்க செக்யூரிட்டி. நான் அவரை உட்டுப்போட்டு வந்துட்டேன். இந்தப் பக்கம் வேலைக்கு வர்றேன்னு யாரோ சொல்லி, தேடிட்டு இருக்காரு. எந்த பஸ்ல ஏறறேன்னு தெரிஞ்சா தங்கியிருக்கற ஊரும் தெரிஞ்சுருமுங்க. அதான் பஸ் வர்ற வரைக்கும் உள்ளயே இருந்துக்கறது."

வலது சுண்டுவிரல் கோணலாக இருந்தது. நான் பார்த்ததைப் பார்த்து, "கதவுல வெச்சு நசுக்கினாருங்க" என்றார், காய் விலை சொல்கிற மாதிரி.

மூக்கை மூடிக்கொண்டு நாம் ஓடி வருகிற இடம். அங்கே ஒருத்தி ஒளிந்து உட்கார்ந்திருக்கிறாள்.

நவ. 7, வியாழன்

பாப்பாவின் ஷூ ஈரம். ஸ்கூலுக்குச் செருப்போடு போனாள்.

கேபிள் இழுக்கிற வழி பார்க்க செக்யூரிட்டி ரூம். அவர்தான் இருந்தார், கவிதாவின் வீட்டுக்காரர் முருகேசன். நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். டீ வரவழைத்தார். நான் ஏறும்போது ஏணியைப் பிடித்துக்கொண்டார். கொடுமைக்காரன் முகத்தைத் தேடினேன். சரியாகத் தூங்காத ஒரு ஆளின் முகம்தான் கிடைத்தது.

அவராகவே சொன்னார். "என்ற சம்சாரத்துக்கு மனசு சரியில்லீங்க மேடம். ஊட்ட உட்டுப் போயிருச்சு. கேமரா வந்தா கண்ணுல பட்டுருமுன்னு பாக்கறனுங்க."

விரல் எப்படிக் கோணியது என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் அவளை எனக்குத் தெரியும் என்றாகிவிடும். டீயைக் குடித்தேன்.

முதலாளிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "யாரு சொல்றது நெசமுன்னு நாம எப்படிங்க கண்டோம்? பிளான்ல இருக்கறதைப் போடுங்க." அதுவும் நியாயம். கேமராவே வேண்டாம் என்றால் மரகதக்கா விடமாட்டார்: "குடிச்சுப்போட்டு வாசல்ல நிக்கறவனுங்களுக்கு அதுதாங்க பயம்."

பஸ்ஸில் வரும்போது தோன்றியது. கேமரா இருக்கட்டும், டிவி மரகதக்கா மேஜைக்குப் போகட்டும். கேபிள் மிச்சம் என்று முதலாளியிடம் சொன்னேன். உடனே சரி என்றார். இந்தத் தடவை வேறு காரணம் சொல்லவில்லை. அவள் சொன்னது பொய்யாக இருந்தால்? தெரியவில்லை.

நவ. 8, வெள்ளி

கதவு, லைட், வலை, டிவி எல்லாம் ஆச்சு. சாவி அக்காவின் இடுப்பில்.

சோதித்துப் பார்க்க கடைசி அறையில் போய்ப் பூட்டிக்கொண்டேன். பளிச்சென்று வெளிச்சம், நல்ல தாழ்ப்பாள். ஆனாலும் வெளியே செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மூச்சை அடக்கினேன். எதற்கு என்று தெரியவில்லை.

சாயங்காலம் நல்ல மழை. கவிதாவை அக்காவின் குடையில் சேர்த்துக்கொண்டு சோமனூர் பஸ் வரை கொண்டுபோய் விட்டேன். போன் நம்பர் கொடுத்தாள். ஏறியதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

நவ. 11, திங்கள்

வெயில். ஒரு கதவு இடிக்கிறது என்று போனேன். அக்கா மேஜைக்கு முன்னால் முருகேசன், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு. டிவியில் பழைய பதிவைப் பார்க்க வேணுமாம். "இது பொம்பளைங்க வாசலுங்க, காட்ட முடியாதுங்க" என்று அக்கா திரும்பத் திரும்ப.

என்னைப் பார்த்ததும் பக்கத்தில் வந்தார். "மேடம், வெள்ளிக்கிழமை நீங்க ஒரு அம்மணியைக் குடையில கூட்டிட்டுப் போனீங்களாமா. டிரைவர் ஒருத்தர் பாத்திருக்காரு, பஸ்ஸைக் கவனிக்கலீங்களாம். அது என்ற சம்சாரமுங்க. எந்த பஸ்ஸுங்க ஏறுச்சு?"

கண் சிவந்திருந்தது. அழுததா, குடித்ததா, தெரியவில்லை.

"கோபி பஸ்ஸுங்க" என்றேன்.

கையெடுத்துக் கும்பிட்டார். "ரொம்ப நன்றிங்க." நேராகப் போய், சோமனூருக்கு எதிர்ப் பக்கம் போகிற கோபி பஸ்ஸில் ஏறினார். டிவியின் ஓரத்தில் தெரிந்தது, நானும் அக்காவும் பார்த்தோம்.

"செஞ்சது சரிதானுங்களா மேடம்?"

"தெரியலீங்க அக்கா."

வெளியே வந்து கவிதாவுக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். இனிமேல் இந்த பஸ் ஸ்டாண்டு வேண்டாம், வேறு ஸ்டாப்பில் ஏறச் சொன்னேன். "சரிங்க, சரிங்க" என்றாள். போனை வைக்கப் போனேன்.

"ஏனுங்க, சாப்பிட்ட மாதிரி இருந்தாருங்களா?"

இளைத்திருக்கிறார் என்று சொன்னேன்.