உடைத்து வைத்த அக்ரூட்

நோதிராவின் அப்பாவுக்கு,

நானும் நோதிராவும் காட்டுக்கு அக்ரூட் பொறுக்கக் கிளம்பிவிட்டோம்; பருவம் முடியும்வரை அங்கேதான் தங்குவோம். சூப் அடுப்பில் இருக்கிறது, ரொட்டி துணிக்குள். வியாழக்கிழமை பக்கத்து வீட்டு ஹோஷிம் அண்ணன் உங்களை ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போவார். சாவியை அவர் மனைவியிடம் கொடுத்துவிடுங்கள்.

நேற்று உங்களிடம் கத்தியதற்கு எனக்கு வருத்தமெல்லாம் இல்லை. குடலில் கட்டி எடுத்து எட்டு மாதம் ஆகிறது. டாக்டரம்மா என்ன சொன்னார்? "தினம் ஒரு கைப்பிடி அக்ரூட் சாப்பிடுங்க. திரும்ப வராம இருக்க உதவலாம்னு சொல்றாங்க. ஆனா அது மருந்து இல்ல, செக்கப்பை விட்டுடாதீங்க." நீங்களோ, "முழுப் பருப்பு வியாபாரிக்கு, உடைஞ்சதுதான் வீட்டுக்கு" என்று ஒரே பிடிவாதம். உடைந்தது தீர்ந்து ஒரு மாதம் ஆயிற்று.

அலமாரியில் நீல டப்பாவைத் திறந்து பாருங்கள். வியாபாரிக்கு வைத்திருந்த மூட்டையிலேயே வெள்ளையான முழுப் பருப்பாகப் பொறுக்கி, விடியற்காலையில் என் கையாலேயே உடைத்துப் போட்டிருக்கிறேன். இனி எந்த வியாபாரியும் அதை வாங்கமாட்டான். சாப்பிடுங்கள்.

மஸ்தூரா

பி.கு. போன ஸ்கேன் சுத்தமாக இருந்தது, இதுவும் அப்படித்தான் இருக்கும். முடிந்ததும் நேரே காட்டுக்கு வாருங்கள். மரம் ஏறி உலுக்க என் தம்பி இருக்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து தின்னத்தான் ஆள் இல்லை.