போட்டுக்கொடுத்தது யார்

நவம்பர் 4, செவ்வாய்

இன்று முதல் லோடு. உருளைக்கிழங்கு, வயலிலிருந்து குளிர்பதனக் கிடங்குக்கு. துணிக்கடைக் கவுன்டரில் துணி மடித்தே காய்த்துப்போன கை, ஐம்பத்திரண்டு வயதில் லாரி ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறது. கடையை மூடியபோது எல்லோரும் அழுதார்கள். நான் டிரைவிங் ஸ்கூலில் போய்ச் சேர்ந்தேன்.

கிடங்கு வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டி கோணிக்கொண்டு போனது. மறுபடி முன்னால் எடுத்து, மறுபடி பின்னால். கொட்டாவி பார்த்துக்கொண்டே நின்றான். அவனும் டிரைவர்தான். எப்போதும் கொட்டாவி விடுவதால் அந்தப் பெயர். என்னைப் பார்க்கும்போது மட்டும் வாயை மூடிக்கொள்கிறான். ஏன்?

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டார். எத்தனை கியர், பிரேக் எப்படிப் பிடிக்கிறது. முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டியவர், கண் மங்கி லைசென்ஸை இழந்தவர், கேட்கத்தானே செய்வார். கடைசியில் "பரவாயில்லையே" என்றார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நவம்பர் 7, வெள்ளி

திங்கள் முதல் உங்களை மேட்டு வயலுக்குப் போடுகிறேன் என்று சூப்பர்வைசர் சொன்னார். குன்றின் மேலே இருக்கிற வயல். வளைவு வளைவான பாதை, ஒரு பக்கம் சரிவு. அதை ஓட்டிக் காட்டியவர்களைத்தான் கிழங்கு முடிந்ததும் வெளியூர் நெல் அறுவடைக்குக் கூட்டிப்போவார்களாம். மற்றவர்கள் வீட்டுக்கு.

என் வண்டியைத் தன் அக்கா மகன் ஓட்டும்படி மாற்றிவிடக் கொட்டாவி பார்க்கிறானாம். எடைமேடையில் லாரிகளை எடை போடும் பெண் காதோடு சொன்னாள். சரி, இவள் ஏன் இதை என்னிடம் வந்து சொல்ல வேண்டும்?

மதியம் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில் தெருமுனையில் வண்டியை நிறுத்தி, வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே மேட்டு வயல் விஷயத்தை இவரிடம் சொல்லிவிட்டுப் போனேன். எதிர்வீடு, பக்கத்து வீடு எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டது. இவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்து கதவைத் தடவிப் பார்த்தார்.

நவம்பர் 10, திங்கள்

மேட்டு வயல் இல்லை.

சூப்பர்வைசர் என்னைத் தனியே கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மா, உங்களுக்குத் தலைசுத்தல் உண்டாமே?"

இல்லை என்றேன். என் குரல் எனக்கே நம்பும்படியாக இல்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. மேட்டுல ஒண்ணு ஆச்சுன்னா என் தலைதான் உருளும். இப்போதைக்குக் கீழ் வயலே ஓட்டுங்க."

யார் சொன்னது? யாருங்க சொன்னா? கேட்டேன். லோடு சீட்டை என் கையில் கொடுத்து வண்டியைக் காட்டினார்.

நவம்பர் 11, செவ்வாய்

மனம் ஆறவில்லை. தலைசுற்றல் வந்தது உண்மை. ஓர் ஆண்டு முன்பு குளியலறையில் சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டேன். காதில் ஏதோ கோளாறு என்றார்கள், மருந்தில் போய்விட்டது, திரும்ப வரவில்லை. லைசென்ஸுக்கான பரிசோதனையில் டாக்டர் கேட்டபோது அப்படி எதுவும் வந்ததில்லை என்று சொல்லிவிட்டேன். மடியில் கனம் இருக்கிறது, அதனால்தான் வழியில் பயம்.

கொட்டாவிக்கு எப்படித் தெரியும்? டீக்கடையில் ஒருநாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனோ? அதைப் பார்த்துக் கதை கட்டினானோ?

நவம்பர் 13, வியாழன்

காலையில் வண்டியை எடுக்கும் முன் எல்லா டயரையும் தட்டிப் பார்த்தேன். அவன் காற்றைக்கூட இறக்குவான். பின்னாலேயே வந்து நின்றான்.

நேராகவே கேட்டுவிட்டேன்.

"உங்க வண்டி வேணும்னா வேணும்னு கேட்டுட்டுப் போறேன்க்கா. சார்கிட்ட கேட்டேன், தரமாட்டேன்னுட்டாரு. உங்க தலைசுத்தல் எனக்கெதுக்கு?" என்றான். கோபம்கூட வரவில்லை அவனுக்கு. பெரிதாக ஒரு கொட்டாவி விட்டான்.

நம்புவதா? பாம்பின் கால் பாம்பறியும் என்பார்கள். இவன் கால் எனக்குத் தெரியவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

அப்படியானால் எடைமேடைப் பெண்தான். காதோடு பேசுகிறவள் ஊரெல்லாம் பேசுவாள். லோடு எடை போடும்போது, "நீதானே சொன்னே?" என்று பிடித்துக்கொண்டேன். முகம் சுருங்கிவிட்டது.

"எனக்கென்னக்கா தெரியும். அன்னைக்கு ஃபோன் வந்துச்சு, நான் எடுத்து சார்கிட்ட குடுத்தேன், அவ்வளவுதான்."

யாருடைய ஃபோன் என்றேன். சொல்ல மாட்டேன் என்றாள். விடவில்லை நான். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

"ஆம்பளைக் குரல்க்கா. 'எங்க வீட்டம்மா அங்க லாரி ஓட்டுறாங்க'ன்னு சொன்னாரு."

எடை போட்டாளா, சீட்டு கொடுத்தாளா, எதுவும் நினைவில்லை. நினைவு வந்தபோது கிடங்கு வாசலில் இருந்தேன், அப்படியானால் ஓட்டித்தான் வந்திருக்க வேண்டும்.

நவம்பர் 15, சனி

கேட்கவில்லை. தட்டு வைத்தேன், சாப்பிட்டார். வேலி பயிரை மேயும்போது இப்படித்தான் சாதாரணமாக மென்றுகொண்டிருக்குமா?

நவம்பர் 16, ஞாயிறு

கேட்டேன்.

துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன், இவர் கொடியின் அந்தப் பக்கம். ஏங்க, சூப்பர்வைசருக்கு ஃபோன் பண்ணினீங்களா என்றேன். இல்லை என்று சொல்வார், சண்டை போடலாம் என்றிருந்தேன். ஆமாம் என்றுவிட்டார். கிடங்கு ஃபோன் நம்பர் வண்டிக் கதவில் எழுதியிருந்ததாம். அதற்குத்தான் அன்றைக்கு அந்தச் சுற்று, அந்தத் தடவல்! நானோ மனிதருக்குப் பழைய பஸ் ஞாபகம் என்று உருகிக்கொண்டிருந்தேன்.

என் உயிர்மேல் பயம் என்றார் முதலில். பயமென்றால் என்னிடம் சொல்லியிருக்கலாமே. எனக்குத் தெரியாமல் எதற்கு? விடாமல் கேட்டேன். ஈரத் துணியைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"அன்னைக்கு வண்டியக் கொண்டாந்து நிறுத்தினே. தெருவே உன்னைப் பார்த்துச்சு. நான் போய் கதவத் திறந்துவிட்டேன். வெளியூர் போயிட்டா அதுவும் இல்ல. இந்த நாலு சுவத்தோட நான் என்ன பண்றது, சொல்லு."

என்ன சொல்ல? பாவமாகத்தான் இருந்தது. பாவப்பட்டதற்காக என்மேலேயே கோபம் வந்தது. நான் சீட்டில் ஏறக் கூடாது, அவ்வளவுதானே. கண்ணு போச்சுன்னு நீங்க உட்கார்ந்தப்ப நான்தானேங்க கூடவே உட்கார்ந்தேன். நான் எழுந்தா கால வாரி விடுவீங்களா?

இதைச் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நவம்பர் 19, புதன்

டாக்டரிடம் நானே போய் உண்மையைச் சொல்லிவிட்டேன். அன்றே ஏன் சொல்லவில்லை என்று கடிந்துகொண்டார். தலையை இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, சட்டென்று படுக்கவைத்து, கோட்டின்மேல் நடக்கவிட்டு, கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் இல்லை, ஓட்டலாம் என்று எழுதிக் கொடுத்தார். சூப்பர்வைசர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருக்கும் என்மேல் சந்தேகம்தான். இருக்கட்டும், நியாயம்தானே.

இவரிடம் சொல்லவில்லை. லைசென்ஸை இப்போதெல்லாம் என் பையிலேயே வைத்துக்கொள்கிறேன், தூங்கும்போதும்.

நவம்பர் 24, திங்கள்

மேட்டு வயல்.

மழை பெய்து பாதை சேறாக இருந்தது. காலி வண்டியோடு ஏறிக்கொண்டிருந்தேன். நடு வளைவில் எதிரே கொட்டாவி, முழு லோடோடு. இருவரும் போக இடமில்லை. லோடு வண்டி பின்னால் ஏற முடியாது, நான்தான் இறங்க வேண்டும். சரிவு என் இடது பக்கம்.

அவன் இறங்கிவந்து என் வண்டிக்குப் பின்னால் நின்று கை காட்டினான். எனக்கு முதலில் தோன்றியது என்ன? இவன் அக்கா மகனுக்கு வண்டி வேண்டும். அதனால் அவன் கையை நம்பாமல் கண்ணாடியைப் பார்த்தேன். கண்ணாடியைப் பார்த்து அவன் கையைப் பார்த்தேன். இரண்டும் ஒன்றையேதான் சொல்லின. கிளட்ச்சை அரை அரையாக விட்டேன். தலை சுற்றவில்லை. அகலமான இடம் வரைக்கும் இறங்கி ஒதுங்கினேன்.

தாண்டிப் போகும்போது, "துணிக்கடைக்காரங்க வண்டியையும் நல்லாத்தான் மடிக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். ஸ்டியரிங்மேல் தலையை வைத்துச் சிரித்தேன். கொஞ்சம் அழுதேனோ என்னவோ.

மாலையில் எடைமேடைப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். கொட்டாவியிடம் இன்னும் இல்லை. அவனை முழுதாக நம்பியாயிற்று என்று யார் சொன்னது?

டிசம்பர் 19, வெள்ளி

கடைசி லோடு. நெல் அறுவடைக்குப் போகிறவர்களில் என் பெயரும் கொட்டாவி பெயரும் இருக்கின்றன. இவரிடம் சொன்னேன். "சரி" என்றார். என் ஷூவை எடுத்துத் துடைத்துவைத்தார். எதற்குத் துடைக்கிறார் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

ஜனவரி 6, செவ்வாய்

இங்கே வயல்களுக்கு முடிவே இல்லை. தகரக் கூரை போட்ட அறை, பெண்கள் நாங்கள் இருவர்தான், நானும் சமையல்காரம்மாவும்.

மதியம் சூப்பர்வைசர் வந்து, "உங்க வீட்டுக்காரர் ஃபோன் பண்ணினாரு" என்றார்.  இந்த முறை எந்த வியாதியைச் சொன்னாராம்?

வேலை கேட்டாராம். லோடுமேல் தார்ப்பாய் இழுத்துக் கட்டுகிற வேலை. அதற்குக் கண் மங்கலாகத் தெரிந்தால் போதுமா என்று கேட்டாராம். என்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாராம்.

"ஆள் தேவைதான். ஆனா உங்களைக் கேக்காம எடுக்கப்போறதில்ல," என்றார்.

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு அடுத்த லோடுக்குப் போனேன். துணைக்கு வருகிறாரா, காவலுக்கு வருகிறாரா? அவருக்கே தெரிந்திருக்குமா? அந்த நாலு சுவர் பெரிதாகித்தான் போயிருக்கும். இங்கே கயிறு இழுத்தால் கை காய்க்கும். காய்க்கட்டுமே.

திரும்பி வந்ததும் சொன்னேன்.

"வரச் சொல்லுங்க சார். கொட்டாவி வண்டியில போடுங்க."