விளிம்பில் ஒரு 'ங்க'

அண்ணி,

நேற்று பேரன் கைப்பேசியில் ஒரு பட்டாள மெடலின் படத்தைக் காட்டி, "சர்டிபிகேட்டோட வருது தாத்தா, வாங்கலாமா?" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் இருந்திருந்தால் அந்தச் சர்டிபிகேட்டை என்ன பாடு படுத்தியிருப்பீர்கள்!

பர்மா சண்டையில் உங்கள் அப்பாவுக்குக் கிடைத்த வெள்ளி மெடலை, அவர் மறைந்த பின் உங்கள் சித்தப்பா பொம்மிடியில் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிட்டார். எண்பதுகளில்தான், அது கைமாறிப் பெங்களூரில் ஒரு வியாபாரியிடம் இருப்பதாகத் துப்புக் கிடைத்தது. நான்தான் அவருக்குக் கார்டு போட்டேன். இங்கிலீஷ் தெரிந்தவன் என்ற மிதப்பில், உங்கள் அப்பா பெயரைச் 'சவரி' என்று திருத்தமாக எழுதினேன். அங்கேதான் சறுக்கினேன்.

இரண்டு கறவை மாடுகளை விற்ற பணத்தை மடியில் முடிந்துகொண்டு என்னோடு பெங்களூர்க் கடைக்கு வந்தீர்கள். வியாபாரி ஒரு மெடலை நீட்டினார். விளிம்பில் இங்கிலீஷில் 'சவரி'. கூடவே முத்திரை குத்திய சான்றுத்தாள். நான் தலையாட்டிவிட்டேன்.

நீங்கள் ஆட்டவில்லை. "எங்கப்பா வெறும் சவரி இல்லீங்க. சேலத்துல ஆளெடுக்கறப்ப பேரு கேட்டாங்களாம். மரியாதையா 'சவரிங்க'ன்னு சொல்லியிருக்காரு. அதையே எழுதிட்டாங்க. பட்டாளத்துல கடைசி மட்டும் அவரு சவரிங்கதான்."

வியாபாரியின் முகம் போன போக்கு! என் கார்டைப் பார்த்துப் புதிதாக வெட்டிய பெயர் அது. உங்கள் கண் அலமாரியின் கீழ்த்தட்டுக்குப் போயிற்று. அங்கே அதே மாதிரி இன்னொரு மெடல். "அதை எடுங்க."

"அது வேற ஆளும்மா. சாவரிங்கா. யாரோ வடக்கத்திக்காரன்."

பையிலிருந்து அப்பாவின் பட்டாள டிஸ்சார்ஜ் தாளை எடுத்து மேசையில் வைத்தீர்கள். "தம்பி, சத்தமாப் படிங்க" என்றீர்கள். தெருவுக்கே கேட்கும்படி படித்தேன். கீழ்த்தட்டு மெடலின் விளிம்பில் இருந்த அதே பெயர், அதே பட்டாள நம்பர். குட்டு உடைந்ததும் விலை பாதியாக இறங்கியது. ஒரு மாட்டுப் பணம் மிச்சம். மெடலைச் சேலையில் குத்திக்கொண்டு தருமபுரி பஸ்ஸில் ஏறினீர்கள். மகாராணிகூட அப்படி உட்கார்ந்திருக்க மாட்டாள், அண்ணி.

அதற்குப் பிறகு ஆபீசில் யார் பெயரை எழுதினாலும், "எப்படி எழுதணுங்க?" என்று கேட்காமல் நான் பேனாவைத் திறந்ததில்லை.

போன மாதம் உங்கள் கல்லறைக்குக் கல் வெட்டக் கொடுத்தேன். உங்கள் பெயருக்குக் கீழே 'சவரிங்க மகள்' என்று எழுதிக் கொடுத்தேன். கல் வெட்டுபவர் தாளை இரண்டு முறை பார்த்துவிட்டு, "'ங்க' தப்பா சேர்ந்திருக்குதுங்க, எடுத்துரட்டுங்களா?" என்று கேட்டார்.

"தொட்டுராதீங்க" என்றேன். "அந்த 'ங்க'வுலதான் எங்க அண்ணி ஜெயிச்சாங்க."