பிரிட்ஜின் புதுச் சத்தம்

அண்ணா,

பிரிட்ஜைத் திறக்காதே, அது நின்றுபோய்விட்டது. காலையில் சமையலறைத் தரையெல்லாம் தண்ணீர்; வழுக்கி விழப் பார்த்தேன். ரொட்டியும் முட்டையும் மேசைமேல் இருக்கின்றன, ஒன்றையொன்று தொடாமல், தனித்தனித் தட்டில்.

நேற்று சாயங்காலம் நீ, "பிரிட்ஜ் சத்தம் மாறியிருக்கு, வந்து கேளேன்" என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டாய். நான் நாவலுக்குள், பனி கொட்டும் ஏதோ ஓர் ஊரில் இருந்தேன். அந்த எரிச்சலில்தான், "கோளாறு பிரிட்ஜுல இல்ல, உன் மூளையில. டாக்டரே சொன்னாரு" என்றேன். நீ கதவைச் சாத்திக்கொண்டாய்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. பழகிய சத்தத்தை எல்லார் மூளையும் ஒரே மாதிரி ஒதுக்கித் தள்ளுவதில்லை, ஆட்டிசம் உள்ள சிலருக்கு அது ஒதுங்காமல் கேட்டுக்கொண்டே இருக்கலாம், இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள் என்றார். 'கோளாறு' நான் சேர்த்தது.

மெக்கானிக் மதியத்துக்குள் வருவார். பெல் அடிக்காமல் கதவைத் தட்டச் சொல்லியிருக்கிறேன். சாவி ஆணியில் இருக்கிறது.

தங்கச்சி

பி.கு.: போனில் மெக்கானிக், "எந்த மாதிரி சத்தம்மா வந்துச்சு?" என்று கேட்டார். "எனக்குத் தெரியலைங்க, எங்க அண்ணனுக்குத்தான் கேட்டுச்சு" என்றேன். "அப்ப அவரையே வீட்ல இருக்கச் சொல்லுங்க" என்றார். என்னோடு பேசாவிட்டாலும் அவரோடு பேசு.

இன்னொன்று. நான் வந்ததும் அந்தச் சத்தத்தை எனக்கும் ஒருதரம் செய்து காட்டு. புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்கிறேன்.