கொடுத்தே ஜெயித்த ஆட்டம்

செஞ்சி
8-8-86

அன்பு மகள் மங்கைக்கு நைனா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பம்பாய் மழையில் காய்ச்சல் சளி எதுவும் அண்டாமல் நன்றாக இருக்க வேண்டும். இங்கே அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, மற்றவர்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நீ எழுதி அனுப்பிய அந்த லண்டன் செஸ் ஆட்டத்தை எதிர் ஜவுளிக்கடை சுக்கூர் பாயும் நானும் நம் இரும்புக்கடையில் பலகை போட்டு ஆடிப் பார்த்தோம், அது லண்டனில் நடந்து நூற்று முப்பது வருஷத்துக்கு மேலாகிறது என்றால் நம்பவே முடியவில்லை. வெள்ளைக் காய் ஆடியவர் ஒரு மந்திரியைக் கொடுக்கிறார், இரண்டு யானையையும் கொடுக்கிறார், கடைசியில் ராணியையே கொண்டுபோய் எதிராளியின் குதிரைக்கு இரையாக வைக்கிறார், மிச்சமிருந்த இரண்டு குதிரையும் ஒரு மந்திரியும் சேர்ந்து கறுப்பு ராஜாவை அவருடைய ஆட்களுக்கு நடுவிலேயே மடக்கிவிடுகின்றன. இப்படி ஆட எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்றார் பாய். நானும் திரும்பத் திரும்ப ரசித்து ஆடினேன். ஒருநாள் பலகையைத் திருப்பிவைத்துக் கறுப்புப் பக்கம் உட்கார்ந்து ஆடியபோதுதான் வேறொன்று தெரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எல்லாம் லாபமாகவே தெரிகிறது மங்கை. யானை வருகிறது எடுத்துக்கொள்கிறோம், இன்னொரு யானை வருகிறது அதையும் எடுத்துக்கொள்கிறோம். எனக்கு உன் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

ரமணன் ராஜாங்கத்தின் கல்குவாரியில் மேனேஜராகச் சேர்ந்தது உனக்குத் தெரியும். ராஜாங்கம் முதலில் அவனுக்குக் கைக்கடிகாரம் கொடுத்தார், பிறகு ராஜ்தூத் வண்டி, அவன் பாப்பாவுக்குக் காது குத்தியபோது தங்கத் தோடு, அதற்கப்புறம் கலர் டிவி. முதலாளிக்கு எவ்வளவு நல்ல மனசு என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள், நானும் அந்த வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனவன்தான். போன மாதம் குவாரியில் வெடி வைக்கிற துரைராஜ் செத்துப்போனான். பற்றவைத்த வெடி வெடிக்கவில்லை, திரி ஈரமாக இருக்கும், கொஞ்சம் பொறுத்துப் போகிறேன் என்று அவன் சொல்லியும் ராஜாங்கம் உடனே போய்ப் பார்க்கச் சொல்லியிருக்கிறார், அவன் குனிந்தபோது வெடித்துவிட்டது. கூட நின்று கேட்டவன் உன் அண்ணன் ஒருவன்தான். அன்று சாயந்திரமே ராஜாங்கம் அவனைக் கூப்பிட்டு, துரைராஜ் குடித்துவிட்டுத் தானாகப் போனான் என்று விசாரணையில் சொல்லிவிடு என்றாராம். மிரட்டவில்லை, தோளில் கைபோட்டுக்கொண்டு சொன்னாராம்.

மறுநாள் துரைராஜின் பெண்சாதி ரத்தினம்மாள் கைக்குழந்தையோடு நம் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. "எம் புருசன் குடிக்கமாட்டாரு, உங்களுக்குத் தெரியும் இல்ல சார்" என்று ரமணனைக் கேட்டாள், அவன் பதில் சொல்வதற்குள் போய்விட்டாள். அவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். விடிந்ததும் வண்டியைக் குவாரி வாசலில் நிறுத்தி, சாவி, கடிகாரம், தோடு எல்லாவற்றையும் ஆபீஸ் மேஜைமேல் வைத்துவிட்டு, டிவியையும் ஆள் வைத்து அனுப்பிவிட்டு, அங்கிருந்து நடந்தே தாலுகா ஆபீசுக்குப் போய் நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்துவிட்டான். இன்னாடா பண்ணிட்டே என்று அம்மா தலையில் கை வைத்ததற்கு, "அவரு குடுத்ததெல்லாம் இதுக்குத்தாம்மா" என்று மட்டும் சொன்னான். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

அதிலிருந்து இருட்டுகிற நேரத்தில் குவாரி ஜீப் நம் தெருமுனையில் வந்து நிற்கிறது. யாரும் இறங்குவதில்லை. பழக்கமானவர்கள்கூட நம் கடையைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போகிறார்கள். முந்தாநாள் ராஜாங்கமே கடைக்கு வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து சோடா குடித்தார், மழை வருமா என்று கேட்டார், ரமணனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுந்திருக்கும்போது, "பேத்தி எந்த ஸ்கூலுக்குப் போவுதுங்க, தனியாவா போவுது" என்று சிரித்த முகமாகக் கேட்டார். அவர் போனதும் நிறுத்துக்கொண்டிருந்த ஆணியை அப்படியே போட்டுவிட்டு, நானே ஸ்கூலுக்குப் போய்ப் பாப்பாவைக் கூட்டி வந்தேன்.

அதனால் அண்ணி ஆதிலட்சுமியையும் பாப்பாவையும் உன்னிடம் அனுப்புகிறேன். பாய் சரக்கு எடுக்கப் பம்பாய் வருகிறார், வருகிற புதன்கிழமை மெட்ராசில் தாதர் எக்ஸ்பிரஸ் ஏறி அவர்தான் கூட்டி வருவார். அக்கம்பக்கத்தில் அண்ணி தாய்வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருக்கிறோம். ரமணன் வரமாட்டேன் என்கிறான், விசாரணையில் நேரில் நின்று சொல்லாவிட்டால் ரத்தினம்மாளுக்கு ஒன்றும் கிடைக்காது என்கிறான். அவனை விட்டு அம்மா வரமாட்டாள், இரண்டு பேரையும் விட்டு நான் எங்கே வர. மாப்பிள்ளைக்குப் பக்குவமாக எடுத்துச் சொல். பாப்பாவுக்கு ராத்திரியில் விளக்கு எரிந்தால்தான் தூக்கம் வரும், அணைத்துவிடாதே. இதை பாய் நாளைக்கே திண்டிவனம் போய்த் தபாலில் சேர்ப்பார், இங்கே போடவில்லை. நீ பதிலை அவர் கடை விலாசத்துக்கே எழுது, அண்ணி பெயரையும் குழந்தை பெயரையும் அதில் எழுதாதே.

நீயும் மாப்பிள்ளையும் குறைவில்லாமல் நெடுநாள் வாழ நானும் அம்மாவும் மனதார ஆசீர்வதிக்கிறோம். தாதர் ஸ்டேஷனுக்கு நீயேதான் வரவேண்டும், மறந்தும் வேறு ஆளை அனுப்பாதே. அத்தையைத் தவிர யார் கூப்பிட்டாலும் போகக்கூடாது என்று பாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் நைனா
கோதண்டராமன்